இந்தியாவில் பிளேஸ்டேசன் 5 வெளியீடு

பிளேஸ்டேசன் 5 என்பது சப்பானின் சோனி நிறுவனம் உருவாக்கிய நிகழ்பட ஆட்டக் கருவி ஆகும். சுருக்கமாக இது பிஎஸ்5 என அழைக்கப்படுகிறது. பிளேஸ்டேசன் வரிசையில் இது ஐந்தாம் தலைமுறைக் கருவி. அமெரிக்கா, சப்பான் உள்ளிட்ட ஏழு நாடுகளில் 2020 நவம்பர் 12 அன்றும், மேலும் பல நாடுகளில் நவம்பர் 19 அன்றும் இது விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 2021 பெப்ரவரி 2 அன்று வெளியானது. இக்கட்டுரை, கருவியின் இந்திய வெளியீட்டுக்கு முன் நிலவிய எதிர்பார்ப்பு, தாமதம், விலை, முதல் மதிப்பீடுகள் ஆகியவற்றையும், உடன்குடி போன்ற சிறு நகரங்களில் இத்தகைய கருவியைப் பயன்படுத்துவதில் உள்ள நடைமுறைக் கூறுகளையும் விளக்குகிறது.

பின்னணி

நிகழ்பட ஆட்டக் கருவிகள் பிற நாடுகளில் வெளியாகிச் சில மாதங்கள் கழித்தே இந்தியாவிற்கு வருவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. எடுத்துக்காட்டாக:

* எக்ஸ்பாக்ஸ் 360: அமெரிக்காவில் 2005 நவம்பர், இந்தியாவில் 2006 செப்டம்பர்.
* பிளேஸ்டேசன் 3: சப்பானிலும் அமெரிக்காவிலும் 2006 நவம்பர், இந்தியாவில் 2007 ஏப்ரல். இந்திய விலை ரூ. 39,990.
* பிளேஸ்டேசன் 4: அமெரிக்காவில் 2013 நவம்பர் 15, இந்தியாவில் 2014 சனவரி 6. இந்திய விலை ரூ. 39,990.

பிளேஸ்டேசன் 4 அமெரிக்காவில் வெளியான 52 நாட்களில் இந்தியாவை அடைந்தது. தலைமுறைக்குத் தலைமுறை இடைவெளி குறைந்து வந்ததால், அடுத்த கருவி உலக வெளியீட்டு நாளிலேயே இந்தியாவிலும் கிடைக்கும் என்று ஆட்ட ஆர்வலர்கள் எதிர்பார்த்தனர். போட்டிக் கருவிகளான மைக்ரோசாப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் (ரூ. 49,990), சீரீஸ் எஸ் (ரூ. 34,990) ஆகியவை உலகின் பிற பகுதிகளுடன் ஒரே நாளில், அதாவது 2020 நவம்பர் 10 அன்று, இந்தியாவில் வெளியானமை இந்த எதிர்பார்ப்பை மேலும் வளர்த்தது. ஆனால் பிளேஸ்டேசன் 5 வந்து சேர 82 நாட்கள் ஆயின.

அறிவிப்புகள்

கருவியைப் பற்றிய செய்திகள் ஒரே நாளில் வெளியிடப்படவில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலத்தில் சிறிது சிறிதாக அவை வெளியிடப்பட்டன.

2019 ஏப்ரலில், கருவியின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி ஓர் இதழுக்கு அளித்த நேர்காணலில் புதிய கருவியின் அடிப்படைக் கூறுகளை விவரித்தார். பிளேஸ்டேசன் 4 புரோ கருவியில் 15 வினாடிகள் எடுத்த ஒரு காட்சி ஏற்றம், புதிய கருவியின் முன்மாதிரியில் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் முடிந்தது அப்போது காட்டப்பட்டது. 2019 அக்டோபரில் பெயர் உறுதி செய்யப்பட்டது. 2020 மார்ச்சு 18 அன்று வன்பொருள் விவரங்களும், ஏப்ரல் 7 அன்று டுயல்சென்ஸ் கட்டுப்படுத்தியும், சூன் 11 அன்று கருவியின் வெளித்தோற்றமும் வெளியிடப்பட்டன. விலை செப்டம்பர் 16 அன்று அறிவிக்கப்பட்டது. தட்டு இயக்கி உள்ள கருவி 499.99 டாலர், தட்டு இயக்கி இல்லாத டிசிட்டல் பதிப்பு 399.99 டாலர்.

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் வீடுகளில் முடங்கியிருந்ததால் நிகழ்பட ஆட்டங்களின் பயன்பாடு உலகெங்கும் கூடியது. இதுவும் எதிர்பார்ப்பு மிகுதியானதற்கு ஒரு காரணம் ஆகும்.

இந்திய வெளியீட்டில் தாமதம்

நவம்பர் 12, 19 ஆகிய இரு நாட்களுக்கான நாடுகளின் பட்டியலிலும் இந்தியா இடம்பெறவில்லை. பிற நாடுகளின் வெளியீட்டு நாள், உள்நாட்டு இறக்குமதி விதிமுறைகள் உள்ளிட்ட காரணிகளைப் பொறுத்தது என்று மட்டும் சோனி தெரிவித்திருந்தது.

இக்காலத்தில் வணிகக்குறிச் சிக்கல் ஒன்றும் வெளிச்சத்திற்கு வந்தது. "பிஎஸ்5" என்ற பெயரைத் தம் பெயரில் பதிவு செய்யக் கோரி, தில்லியைச் சேர்ந்த தனிநபர் ஒருவர் 2019 அக்டோபரில் விண்ணப்பித்திருந்தார். சோனியின் விண்ணப்பம் அதற்குப் பின்னரே வந்தது. தாமதத்திற்கு இதுவே காரணம் என்ற ஊகம் பரவியது. அந்த விண்ணப்பம் 2020 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. எனினும் தாமதத்தை இந்த ஒரு காரணத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. குறைக்கடத்திகளின் தட்டுப்பாட்டால் அப்போது உலகில் எந்த நாட்டிலும் போதிய கருவிகள் இருக்கவில்லை.

2021 சனவரி 1 அன்று இந்திய வெளியீட்டு நாள் அறிவிக்கப்பட்டது. டிசிட்டல் பதிப்பு முதற்கட்ட விற்பனையில் சேர்க்கப்படவில்லை.

முன்பதிவு

2021 சனவரி 12 நண்பகல் 12 மணிக்கு முன்பதிவு தொடங்கியது. அமேசான், பிளிப்கார்ட், குரோமா, ரிலையன்சு டிசிட்டல், விசய் சேல்சு, கேம்சு த சாப், சோனியின் சொந்த அங்காடிகள் ஆகியவற்றின் வழியே பதிவு நடைபெற்றது. பெரும்பாலான தளங்களில் சில நிமிடங்களிலேயே கருவிகள் தீர்ந்தன. பணம் செலுத்தும் பக்கத்தை அடைந்தும் பதிவு முடியாமல் பலர் திரும்ப நேர்ந்தது.

இதற்குப் பின்னர் 2021, 2022 ஆகிய ஆண்டுகள் முழுவதும் கருவிகள் சிறு தொகுதிகளாகவே வந்தன. ஒவ்வொரு தொகுதிக்கும் நாளும் நேரமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. கருவியை வாங்கிக் கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்வோர் பெருகினர். சில கடைகள் ஆட்டங்களையும் துணைக்கருவிகளையும் சேர்த்து வாங்கினால் மட்டுமே கருவி கிடைக்கும் என்ற முறையைக் கையாண்டன.

விலையும் வரியும்

இந்தியாவில் கருவியின் தொடக்க விலை ரூ. 49,990, டிசிட்டல் பதிப்பின் விலை ரூ. 39,990. அமெரிக்க விலையுடன் ஒப்பிட்டு இது மிகவும் கூடுதல் என்ற கருத்து பரவலாக எழுந்தது. இவ்வொப்பீட்டைச் செய்யும்போது வரியைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

2021 தொடக்கத்தில் ஒரு டாலரின் மதிப்பு ஏறத்தாழ 73 ரூபாய். எனவே 499.99 டாலர் என்பது ஏறத்தாழ 36,500 ரூபாய். அமெரிக்காவில் அறிவிக்கப்படும் விலையில் விற்பனை வரி சேர்வதில்லை. அது மாநிலத்திற்கு மாநிலம் தனியாக விதிக்கப்படுகிறது. இந்தியாவில் அறிவிக்கப்படும் விலையோ எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. நிகழ்பட ஆட்டக் கருவிகளுக்கு அப்போது 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. ரூ. 49,990 என்ற விலையிலிருந்து இவ்வரியை நீக்கினால் ஏறத்தாழ ரூ. 39,050 எஞ்சும். அதாவது வாங்கியவர் தந்த தொகையில் ஏறத்தாழ ரூ. 10,900 இந்த ஒரு வரிக்கே சென்றது. எஞ்சிய தொகையில் இறக்குமதித் தீர்வையும் அடங்கியிருந்தது.

கருவியின் விலையைவிட ஆட்டங்களின் விலையே கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது. டீமன்சு சோல்சு ஆட்டத்தின் விலை ரூ. 4,999. சுபைடர்-மேன்: மைல்சு மொரேல்சு ஆட்டத்தின் விலை ரூ. 3,999. கூடுதல் கட்டுப்படுத்தி ஒன்றின் விலை ரூ. 5,990. ஒரு கருவி, ஒரு கூடுதல் கட்டுப்படுத்தி, இவ்விரு ஆட்டங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வாங்க ரூ. 64,978 தேவைப்பட்டது.

இச்சுமையைக் குறைக்கும் கூறுகளும் இருந்தன. ஆசுட்ரோசு பிளேரூம் என்ற ஆட்டம் கருவியுடன் இலவசமாக வழங்கப்பட்டது. முந்தைய தலைமுறையின் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை புதிய கருவியிலும் இயங்கின. ஆகவே ஏற்கெனவே பிளேஸ்டேசன் 4 தட்டுகளை வைத்திருந்தோர் அவற்றைக் கைவிட வேண்டியிருக்கவில்லை.

தொழில்நுட்பக் கூறுகள்

* மையச் செயற்பகுதி: ஏஎம்டி சென் 2 கட்டமைப்பு, 8 கருக்கள், உச்ச வேகம் 3.5 கிகாஏர்ட்சு
* வரைகலைச் செயற்பகுதி: ஏஎம்டி ஆர்டிஎன்ஏ 2 கட்டமைப்பு, உச்ச வேகம் 2.23 கிகாஏர்ட்சு
* நினைவகம்: 16 கிகாபைட்டு
* சேமிப்பகம்: 825 கிகாபைட்டு திண்மநிலைச் சேமிப்பகம் (பயன்படுத்தத்தக்கது ஏறத்தாழ 667 கிகாபைட்டு)
* எடை: 4.5 கிலோகிராம்
* உயரம்: 39 சென்டிமீட்டர்

சேமிப்பகம்

புதிய கருவியின் முதன்மையான மாற்றம் சேமிப்பகமே ஆகும். பிளேஸ்டேசன் 4 கருவியில் சுழலும் வன்தட்டு பயன்படுத்தப்பட்டது. வன்தட்டில் ஒரு தரவைப் படிக்க, படிப்பு முனை தட்டின் உரிய இடத்திற்கு நகர வேண்டும். தரவுகள் சிதறிக் கிடந்தால் இந்த நகர்வுக்கே பெரும் நேரம் செலவாகும். இதைத் தவிர்க்க, ஆட்ட உருவாக்குநர்கள் ஒரே மரம் அல்லது விளக்குக் கம்பத்தின் தரவைத் தட்டில் பல இடங்களில் படியெடுத்து வைத்தனர். இதனால் ஆட்டத்தின் அளவு பெருகியது. மேலும், தரவு ஏறும்வரை ஆட்டக்காரரைக் காத்திருக்கச் செய்யும் நோக்கில் நீண்ட நடைகூடங்களும் மின்தூக்கிகளும் ஆட்டங்களில் அமைக்கப்பட்டன.

திண்மநிலைச் சேமிப்பகத்தில் நகரும் பாகங்கள் இல்லை. பிளேஸ்டேசன் 5 வினாடிக்கு 5.5 கிகாபைட்டு தரவைப் படிக்கிறது. வினாடிக்கு 100 மெகாபைட்டு படிக்கும் வன்தட்டைவிட இது 55 மடங்கு விரைவு. சுருக்கப்பட்ட தரவை விரிக்கும் பணிக்கெனத் தனி மின்சுற்றும் உள்ளதால் மையச் செயற்பகுதிக்குச் சுமை ஏற்படுவதில்லை.

கட்டுப்படுத்தி

முந்தைய கட்டுப்படுத்திகளில் எடைச் சமநிலை குலைந்த சிறு சக்கரத்தைச் சுழற்றி அதிர்வு உண்டாக்கப்பட்டது. டுயல்சென்சில், ஒலிபெருக்கியில் உள்ளதைப் போன்ற சுருள் இயக்கிகள் பயன்படுத்தப்படுகின்றன. இவை மெல்லிய, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் உணரத்தக்க அதிர்வுகளை உண்டாக்கக்கூடியவை. மணலில் நடப்பதற்கும் உலோகத் தரையில் நடப்பதற்கும் வேறுபட்ட உணர்வைக் கையில் தர இவற்றால் இயலும். பின்புற விசைகள் இரண்டிலும் சிறு மின்னோடிகள் உள்ளன. ஆட்டத்தில் வில்லின் நாணை இழுக்கும்போது விசையை அழுத்துவதும் கடினமாகிறது.

வெப்பத் தணிப்பு

செயற்பகுதிக்கும் வெப்பம் உறிஞ்சும் உலோகப் பகுதிக்கும் இடையே திரவ உலோகம் பயன்படுத்தப்பட்டுள்ளது. 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தருகிறது. கருவியின் பேரளவுக்கு இந்த அமைப்பே முதன்மைக் காரணம்.

முதல் மதிப்பீடுகள்

தொடக்கக் கால மதிப்பீடுகள் பெரும்பாலும் நேர்மறையானவையாக இருந்தன. கட்டுப்படுத்தியின் தொடுவுணர்வு, காட்சிகள் ஏறும் விரைவு, விசிறியின் ஓசைக் குறைவு ஆகிய மூன்றும் பரவலாகப் பாராட்டப்பட்டன. தரமேம்பாடு மிகத் தெளிவாகத் தெரியும் இடமாக வரைகலையைக் காட்டிலும் காத்திருப்பு நேரமே குறிப்பிடப்பட்டது. இதனால் 4கே தொலைக்காட்சி இல்லாதவர்களும் புதிய கருவியின் பயனை உணர முடிந்தது.

குறைகளாகப் பின்வருவன கூறப்பட்டன:

* தொலைக்காட்சி மேடையின் அடுக்குகளில் நுழையாத அளவு பெரிய உருவம்.
* சேமிப்பகத்தின் போதாமை. கூடுதல் சேமிப்பகம் பொருத்தும் இடம் இருந்தும், வெளியீட்டின்போது அது செயற்படுத்தப்படவில்லை. 2021 செப்டம்பரில் வந்த மென்பொருள் இற்றைப்படுத்தலே இதைச் சாத்தியமாக்கியது.
* உறங்குநிலையில் வைக்கப்பட்ட கருவிகள் சில செயலிழந்து நின்றமை.
* ஓர் ஆட்டத்தின் பிளேஸ்டேசன் 4, பிளேஸ்டேசன் 5 பதிப்புகள் இரண்டும் இருக்கும்போது எது இயங்குகிறது என்பதில் ஏற்பட்ட குழப்பம்.
* புதிய கருவிக்கென்றே உருவான ஆட்டங்கள் தொடக்கத்தில் மிகச் சிலவாக இருந்தமை.
* தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இடைமுகம் இல்லாமை.

இந்தியாவில் கருவி தாமதமாக வெளியானதால் ஒரு நன்மையும் விளைந்தது. மூன்று மாதக் காலத்தில் தொடக்கநிலை மென்பொருள் வழுக்கள் பல திருத்தப்பட்டிருந்தன. மேலும், மதிப்பீடுகளை முழுமையாகப் படித்த பின்னர் முடிவெடுக்கும் வாய்ப்பு இந்திய வாங்குநர்களுக்குக் கிடைத்தது.

பெருநகரங்களுக்கு வெளியே

உடன்குடி, தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரப் பகுதியில் அமைந்த பேரூராட்சி ஆகும். பனங்கருப்பட்டிக்குப் பெயர்பெற்றது. இத்தகைய ஊர்களில் புதிய ஆட்டக் கருவியை வாங்குவதும் பயன்படுத்துவதும் பெருநகரங்களைக் காட்டிலும் வேறுபட்ட சிக்கல்களைக் கொண்டுள்ளன.

வாங்குதல்: முன்பதிவு பெற்ற கடைத்தொடர்களின் கிளைகள் நகரங்களைச் சார்ந்தவை. சிறு ஊரில் உள்ளவர் இணைய அங்காடிகளையே நம்ப வேண்டும். நிமிடங்களில் முடியும் முன்பதிவில் இணைய இணைப்பின் வேகமே வாய்ப்பைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாகிறது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தல்: காயல்பட்டினம், உடன்குடி வட்டாரங்களில் வளைகுடா நாடுகளில் பணிபுரிவோரின் குடும்பங்கள் பல உள்ளன. அந்நாடுகளில் கருவி 2020 நவம்பர் 19 அன்றே வெளியானது. அப்போது நடைமுறையில் இருந்த 2016-ஆம் ஆண்டுப் பயணப்பொதி விதிகளின்படி, தாயகம் திரும்பும் பயணி ரூ. 50,000 வரை மதிப்புள்ள பொருட்களைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். ஆட்டத் தட்டுகளுக்கு வட்டாரப் பூட்டு இல்லை. ஆனால் திரைப்படத் தட்டுகளுக்கு உண்டு. புளூ-ரே வகைப்பாட்டில் இந்தியா மூன்றாம் வட்டாரமான சி-யிலும், வளைகுடா நாடுகள் இரண்டாம் வட்டாரமான பி-யிலும் அடங்கும். எனவே அங்கு வாங்கிய கருவியில் இந்தியத் திரைப்படத் தட்டுகள் சில இயங்காமல் போகலாம். ஒரு வட்டாரத்தில் வாங்கிய கருவிக்கு மற்றொரு வட்டாரத்தில் உத்தரவாதச் சேவை பொதுவாகக் கிடைப்பதில்லை என்பதும் கருதத்தக்கது.

தரவிறக்கம்: 50 கிகாபைட்டு அளவுள்ள ஓர் ஆட்டத்தை வினாடிக்கு 100 மெகாபிட்டு வேகமுள்ள ஒளியிழை இணைப்பில் ஏறத்தாழ ஒரு மணி 7 நிமிடங்களில் இறக்கலாம். 10 மெகாபிட்டு இணைப்பில் இதற்கு 11 மணி நேரம் தேவை. நாளொன்றுக்கு 1.5 கிகாபைட்டு வழங்கும் கைப்பேசித் திட்டத்தை மட்டும் நம்பினால் 34 நாட்கள் ஆகும். விலை குறைந்த டிசிட்டல் பதிப்பில் எல்லா ஆட்டங்களையும் தரவிறக்கியே ஆக வேண்டும். ஆகையால் இணைப்பு வேகம் குறைந்த ஊர்களில் கூடுதல் தொகை தந்து தட்டு இயக்கி உள்ள கருவியை வாங்குவதே பொருத்தமானது. எனினும் தட்டில் வாங்கிய ஆட்டங்களுக்கும் பெரிய அளவிலான இற்றைப்படுத்தல்கள் வருவதுண்டு.

மறுவிற்பனை: தட்டில் வாங்கிய ஆட்டத்தை ஆடி முடித்தபின் விற்கலாம், நண்பருக்கு இரவல் தரலாம், மாற்றிக்கொள்ளலாம். தரவிறக்கிய ஆட்டம் ஒரு கணக்குடன் பிணைக்கப்பட்டது. அதை விற்க இயலாது. ரூ. 4,999 விலையுள்ள ஆட்டத்தை இருவர் பங்கிட்டு வாங்கி மாறி மாறி ஆடுவது தட்டுகளால் மட்டுமே எளிதாகிறது.

தட்பவெப்பம்: கருவி 5 முதல் 35 பாகை செல்சியசு வரையிலான சூழல் வெப்பநிலையில் இயங்குவதற்கென வடிவமைக்கப்பட்டது. தூத்துக்குடிக் கடலோரத்தில் கோடைப் பகல்களில் வெப்பநிலை இந்த எல்லையைத் தாண்டுவது இயல்பு. எனவே கருவியை மூடிய அலமாரியில் வைத்தல் கூடாது. நாற்புறமும் காற்றோட்டம் தேவை. தேரிமணற் பகுதிகளை அடுத்த ஊர்களில் புழுதி எளிதில் சேரும். கருவியின் பக்கத் தகடுகளைக் கழற்றித் தூசி சேரும் துளைகளைத் தூய்மை செய்யும் வசதி உள்ளது.

மின்தடை: ஆட்டத்தின் நடுவே மின்சாரம் தடைப்பட்டால், சேமிக்கப்படாத முன்னேற்றம் இழக்கப்படும். மின்சாரம் திரும்பியதும் கருவி தன் சேமிப்பகத்தைச் சரிபார்த்த பின்னரே தொடங்கும். உறங்குநிலையில் நிறுத்தி வைத்த ஆட்டமும் மின்தடையால் அழியும். ஆட்டத்தின்போது கருவி ஏறத்தாழ 200 வாட்டு மின்திறனைப் பயன்படுத்துகிறது. மின்தடை மிகுந்த இடங்களில் இதற்கேற்ற தடையில்லா மின்வழங்கி பயன்தரும்.

பிந்தைய நிலை

2021 சூலைக்குள் உலக அளவில் ஒரு கோடி பிளேஸ்டேசன் 5 கருவிகள் விற்பனையாயின. சோனியின் கருவிகளுள் இவ்வெண்ணிக்கையை மிக விரைவாக எட்டியது இதுவே. 2022 நவம்பரில் இந்திய விலை ரூ. 54,990 ஆகவும், டிசிட்டல் பதிப்பின் விலை ரூ. 44,990 ஆகவும் உயர்த்தப்பட்டன. கருவிகளின் விலை காலப்போக்கில் குறையும் என்ற முந்தைய தலைமுறைகளின் அனுபவம் இம்முறை பொய்த்தது. விலை குறையட்டும் எனக் காத்திருந்தவர்கள் கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தது. தட்டுப்பாடு தீர்ந்ததாக 2023 சனவரியில் சோனி அறிவித்தது.

உருவில் சிறிய மெலிந்த பதிப்பு பிற நாடுகளில் 2023 நவம்பரிலும் இந்தியாவில் 2024 ஏப்ரல் 5 அன்றும் வெளியானது. அதைவிடத் திறன்மிக்க பிளேஸ்டேசன் 5 புரோ 2024 நவம்பர் 7 அன்று உலகில் வெளியானபோது இந்தியாவில் வெளியிடப்படவில்லை. அக்கருவியின் கம்பியில்லா இணைப்புக்குத் தேவையான 6 கிகாஏர்ட்சு அலைவரிசைக்கு இந்தியாவில் அப்போது அனுமதி இல்லாமையே இதற்குக் காரணம் எனச் சோனி தெரிவித்தது. 2020-இல் காரணம் முழுமையாக விளக்கப்படாத தாமதம் நேர்ந்தது. 2024-இல் காரணம் வெளிப்படையாகக் கூறப்பட்டது. ஆயினும் இரு முறையும் இந்திய ஆட்டக்காரர்கள் பிறரின் மதிப்பீடுகளைப் படித்துக் காத்திருக்க வேண்டியிருந்தது.